பாறை விளிம்பிலிருந்து சைக்கிளோடு பாய்கிறவர்கள் எதை நம்பிப் பாய்கிறார்கள்?

நெடுவழி (கேள்வி):

வணக்கம். மலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கி எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் பிரேக்கைத் தளர்த்தி இறங்குவதும், இடுப்பளவு மேட்டிலிருந்து குதிப்பதுமே என் எல்லை. அதற்கே முதல் நாள் இரவு சரியாகத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட நான், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வர்ஜின் என்னும் சிற்றூருக்கு அருகே நடைபெறும் ரெட் புல் ராம்பேஜ் என்ற மலைச் சைக்கிள் போட்டியை ஆண்டுதோறும் தவறாமல் பார்த்து வருகிறேன். 2025 அக்டோபரில் ஸ்பெயின் வீரர் அடோல்ஃப் சில்வா, இரட்டைப் பின்கரண முயற்சியில் (அந்தரத்தில் சைக்கிளோடு இருமுறை பின்பக்கமாகச் சுழல்வது) விழுந்து தண்டுவடத்தில் கடுமையாகக் காயமுற்றார். அதன் பிறகு, இந்தப் போட்டியைப் பார்த்து மகிழ்வதே சரிதானா என்ற உறுத்தல் எனக்கு ஏற்பட்டிருக்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். மூன்று, நான்கு மாடி உயரமுள்ள செம்பாறை விளிம்பிலிருந்து பாயும் ஒருவர், தான் உயிரோடு தரையிறங்குவோம் என்று எதை வைத்து நம்புகிறார்? பயிற்சியா, கணக்கா, அல்லது வெறும் குருட்டுத் துணிச்சலா? என் தம்பிக்கு 16 வயது. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, 'அண்ணா, பயந்தால்தான் விழுவோம், பயப்படாமல் விட்டால் தாண்டிவிடலாம்' என்று சொல்கிறான். அவனுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியவில்லை.

சரிவுக்கணக்கு (பதில்):

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்தானது. பார்வையாளர்களாகிய நாம் உயரத்தைக் கண்டு மலைக்கிறோம். ஆனால் ஓட்டுபவரின் எலும்பைக் காப்பாற்றுவதும் முறிப்பதும் உயரம் அல்ல, அவர் பறந்து வரும் கோணமும் தரையிறங்கும் சரிவின் கோணமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான்.

காற்றின் தடையை விட்டுவிட்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் விளிம்பிலிருந்து கிடைமட்டமாக நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, 12 மீட்டர் கீழே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏறத்தாழ ஒன்றரை நொடி அந்தரத்தில் இருப்பார். விளிம்பிலிருந்து 15 மீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவில், மணிக்கு சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில், கிடைமட்டத்துக்கு 57 பாகை சாய்வாக வந்து சேருவார். அங்கே 45 பாகைச் சரிவு காத்திருந்தால், இரண்டு கோணங்களுக்கும் இடையிலான வேறுபாடு 12 பாகைதான். மண்ணுக்குள் அவரைக் குத்தும் வேகம் நொடிக்கு 4 மீட்டர்கூட இல்லை. அது முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் குதித்தால் ஏற்படும் அதிர்ச்சிக்குச் சமம். மீதி வேகமெல்லாம் சரிவோடு சேர்ந்து ஓடிவிடும்.

இப்போது அதே மனிதர், பதற்றத்தில் பிரேக்கைத் தொட்டுவிட்டு நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்? அவர் ஏறத்தாழ 3 மீட்டர் குறைவாகப் போய், சரிவு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் சமதளத்தில் விழுவார். அங்கே கோணத்தின் உதவி கிடையாது. ஏறத்தாழ முழு உயரத்தையும் உடலே தாங்க வேண்டும். இந்தப் போட்டிக்கான சைக்கிள்களில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அழுந்தும் தொலைவு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதோடு கை, கால் மடங்கும் தொலைவையும் சேர்த்து 70 சென்டிமீட்டர் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், 12 மீட்டர் வீழ்ச்சியை அதற்குள் நிறுத்த வேண்டுமானால் சராசரியாக உடல் எடையைப் போல் 17, 18 மடங்கு விசை தேவைப்படும். மணிக்கட்டும் கணுக்காலும் முதுகெலும்பும் அதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல.

ஆக, 'பயந்தால் விழுவோம்' என்று உங்கள் தம்பி சொல்வது, வேகம் குறைந்தால் விழுவோம் என்ற அளவில் சரி. ஆனால் எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைப் பயமின்மை சொல்லித் தராது. அதிக வேகமும் ஆளைச் சரிவைத் தாண்டிக் கீழேயுள்ள சமதரையில் கொண்டுபோய்ப் போடும்.

பழைய சக்கரம் (பதில்):

மேலே உள்ள கணக்கை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் அதைப் படிக்கும்போது, எல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் வருகிறது. இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறவன், இரண்டு முறை காறை எலும்பை முறித்துக்கொண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ராம்பேஜில் முன்பே அமைத்துவைத்த பாதை எதுவும் கிடையாது. ஒவ்வொரு வீரரும், டிக்கர் என்று அழைக்கப்படும் இரண்டு உதவியாளர்களோடு மலைமுகட்டில் நின்று, மேலிருந்து கீழ்வரை தமக்கான வழியைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். பிறகு கடப்பாறை, மண்வெட்டி போன்ற கைக்கருவிகளால் மட்டும், நாள்கணக்கில் செதுக்குகிறார்கள். காய்ந்த செம்மண் மாவுபோல உதிரும். அதனால் தண்ணீரை மேலே சுமந்து கொண்டுபோய்த் தெளித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்து அடித்து இறுக்க வேண்டியிருக்கிறது. காலையில் கல்லாக இருந்த விளிம்பு, வெயிலேறிய பின் மேல்தோல் உரிந்து நழுவலாம். தாம் பாயப்போகும் விளிம்பைத் தம் கையாலேயே கட்டியவருக்கு, அதன் ஒவ்வொரு விரற்கடையும் தெரியும். நீங்கள் கேட்ட நம்பிக்கையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. கேமராவில் நாம் காண்பது இரண்டு, மூன்று நிமிட இறக்கத்தை. அதற்கு முந்தைய வாரத்தின் கொப்புளங்கள் நம் கண்ணில் படுவதில்லை.

சைக்கிளும் கடையில் வாங்கியபடி இருப்பதில்லை. சாதாரண மலைப்பாதைக்கு வைப்பதைவிட சஸ்பென்ஷனை (அதிர்வுதாங்கியை) மிகவும் இறுக்கமாக வைத்துக்கொள்வார்கள். அழுந்திய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தையும் குறைத்துவைப்பார்கள். அது வேகமாக எழுந்தால், தரையிறங்கிய கணத்திலேயே பின்சக்கரம் ஓட்டுபவரைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி எறிந்துவிடும். என் இரண்டாவது எலும்பு முறிவுக்கு அந்த எழும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் இரண்டு சொடுக்குதான் காரணம். குதிப்பு சரியாகத்தான் இருந்தது. சக்கரங்கள் இரண்டும் சரிவைத் தொட்டன. 'முடிந்தது' என்று மூச்சை விட்ட அந்த நொடியில் இருக்கை என் தொடையின் பின்புறத்தில் மோதியது, அடுத்து என் கண்ணெதிரே இருந்தது முன்சக்கரத்தின் ஆரங்கள். முந்தின நாள் வேறொருவருக்காக அதை மாற்றிவிட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்திருந்தேன்.

காற்று தனி விஷயம். அந்தரத்தில் ஒன்றரை நொடி இருப்பவருக்கு, குறிப்பாகப் பின்கரணத்தின் நடுவில் சக்கரங்களைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருப்பவருக்கு, பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் போதும். அதனால்தான் போட்டியைப் பலமுறை நிறுத்திவைத்து, வீரர்கள் மேலே காத்துக் கிடக்கிறார்கள். விளிம்பில் நிற்கும் டிக்கர் ஒரு பிடி புழுதியை எடுத்து மேலிருந்து உதிர்த்து, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பார். எத்தனை கருவிகள் வந்தாலும் அந்த ஒரு பிடி புழுதியின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

இனி, பரவசத்தைப் பற்றி. விளிம்பைச் சக்கரம் விட்டதும் சத்தமெல்லாம் அடங்கிவிடும். அதுவரை கற்களில் தடதடத்துக்கொண்டிருந்த சங்கிலியும் சட்டமும் திடீரென வாய்மூடிக்கொள்ளும். வீட்டுக் கவலை, அலுவலகக் கவலை எதற்கும் அங்கே இடமில்லை. என்னுடையது மூன்று மீட்டர்க் குதிப்புதான், அவர்களுடையதன் பக்கத்தில் வைத்துப் பேசவே தகுதியற்றது. ஆனாலும் அந்த நிசப்தத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். இதைச் சொல்லாமல் ஆபத்தை மட்டும் பேசினால், தம்பிமார்கள் நம் பேச்சைக் காதில் வாங்க மாட்டார்கள்.

கரையோரன் (பதில்):

இருவருடைய விளக்கங்களும் நன்று. ஆனால் கேள்வியின் முதல் பகுதியை, அதாவது பார்த்து மகிழ்வது சரிதானா என்பதை, இருவரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இந்தப் போட்டி கடிகாரத்தோடு நடப்பதன்று. வழியின் கடினம், பறக்கும் உயரம், கட்டுப்பாடும் தடங்கலற்ற ஓட்டமும், வித்தையும் பாணியும் ஆகியவற்றை நடுவர்கள் எடைபோட்டு 100 புள்ளிகளுக்குள் மதிப்பிடுகிறார்கள். கடினத்துக்குப் புள்ளி உண்டு என்று விதித்துவிட்டால், கடினம் ஆண்டுதோறும் ஏறத்தானே செய்யும்? 2013இல் நியூசிலாந்தின் கெல்லி மெக்கேரி 72 அடி, அதாவது 22 மீட்டர் அகலமுள்ள பள்ளத்தைப் பின்கரணத்தோடு தாண்டினார். அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். அதே நாளில் கேம் ஸிங்க் 78 அடிப் பாய்ச்சலைப் பின்கரணத்தோடு முடித்தும் மூன்றாம் இடமே பெற்றார். அவற்றைப் பார்த்த மறு ஆண்டின் வீரர் என்ன நினைத்திருப்பார்?

2015ஆம் ஆண்டுப் போட்டியில் பால் பஸகோய்ட்டியா என்ற வீரர் விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி, கால்களின் இயக்கத்தை இழந்தார். நீண்டகாலச் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பிறகு ஓரளவு நடக்கும் நிலைக்கு மீண்டார் என்பது ஆறுதல். அடுத்த ஆண்டு இடத்தை மாற்றி, இயந்திரக் கருவிகளை விலக்கி, உதவியாளர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால், பெரிய கட்டுமானங்கள் இல்லையென்றால் பாதை இயற்கையோடு ஒட்டியிருக்கும் என்பது உண்மையானாலும், இயற்கையான பாறை விளிம்பு மண்மேட்டைவிடக் கருணையானது என்று யார் சொன்னது? தலையை முழுதும் மூடும் ஹெல்மெட்டும், கழுத்துப் பட்டையும், மார்புக் கவசமும் சிராய்ப்பையும் சில முறிவுகளையும் தடுக்கும், தண்டுவடத்துக்கு அவற்றால் உறுதி தர முடியாது. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மற்றவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.

பழைய சக்கரம் (பதில்):

கரையோரன் அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் உந்துதல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஓட்டங்களில் சிறந்தது கணக்கில் கொள்ளப்படும்போது, முதல் ஓட்டம் கைகொடுக்காதவர் இரண்டாவதில் எதையும் செய்யத் துணிவார். களைப்போ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

ஆனால் கடினம் மட்டுமே வெல்கிறது என்பதை ஏற்க மாட்டேன். 2008, 2016, 2019, 2021, 2024 என ஐந்து முறை வென்ற கனடாவின் பிரண்டன் செமெனுக்கின் ஓட்டங்களைப் பாருங்கள். முதல் வெற்றியின்போது அவருக்கு வயது 17, ஐந்தாவதுக்கும் அதற்கும் இடையே 16 ஆண்டுகள். கண்மூடித்தனமாகப் பாய்கிற ஒருவரால் அவ்வளவு காலம் அந்த மலையில் தாக்குப்பிடிக்க முடியாது. அவர் தரையிறங்கும்போது சத்தமே வராது என்பதுதான் என்னை வியக்க வைப்பது. 2024இல் முதன்முறையாகப் பெண்களுக்கான போட்டி சேர்க்கப்பட்டு, நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் வென்றார். அதற்கு முன்னால் 2019 முதல் அதே வட்டாரத்தில் பெண் ஓட்டுநர்கள் ஃபார்மேஷன் என்ற பெயரில், தரவரிசையோ புள்ளியோ இல்லாமல், ஒருவருக்கொருவர் வழிகாட்டிப் பழகினார்கள். போட்டிக்கு முன் இப்படிப்பட்ட ஒரு பள்ளி இருந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

நெடுவழி:

அனைவருக்கும் நன்றி. சரிவுக்கணக்கு ஐயாவின் பதிலைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தான். பிறகு, ஒரு மாதமாக அவன் குறிவைத்திருந்த பள்ளத்துக்கு ஓர் அளவுநாடாவோடு போனோம். '3 மீட்டர்தான் இருக்கும்' என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது, அளந்தபோது 4 மீட்டர் 20 சென்டிமீட்டராக இருந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றான். அன்று குதிக்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு கேள்வி கேட்டான்: தரையிறங்கும் சரிவின் கோணத்தை எப்படி அளப்பது?

சரிவுக்கணக்கு (பதில்):

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையைச் சரிவின் மேல் படுக்கவைத்து, அதன் மேல் கைப்பேசியை வையுங்கள். மட்டம் பார்க்கும் செயலி கோணத்தைச் சொல்லிவிடும். ஒரே இடத்தில் அளக்காதீர்கள். சரிவின் தொடக்கம், நடு, அடி என மூன்று இடங்களில் அளந்து, எத்தனை மீட்டருக்குப் பிறகு அது தட்டையாகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, பாயும் மேட்டின் விளிம்புக் கோணத்தையும் அனுப்பினால், எந்த வேகத்தில் வர வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன். அந்த வேகத்தைக் குதிக்காமலேயே, சமமான பாதையில் வேகமானியைப் பார்த்துக்கொண்டு, உடம்புக்குப் பழகும் வரை முதலில் ஓட்டிப் பார்க்கட்டும்.