மூன்றில் ஒரு பெண்ணின் மனதைக் கெடுக்கிறது இன்ஸ்டாகிராம்: இல்லை என்பவர்கள் வந்து பேசலாம்

பாலாற்றங்கரை:
போன வாரம் பொதுத்தேர்வு பற்றிய இழையில் 'காட்பாடி சந்திப்பு' என்ற தம்பி ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "பிள்ளைகள் மனசு கெடுவதற்குச் சமூக ஊடகத்தைத் திட்டுவது, மழை பெய்யாததற்குத் தவளையைத் திட்டுவது மாதிரி." பதினேழு பேர் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். எது மழை, எது தவளை என்று எனக்குத் தெரியும்.

2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை, இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியிட்டது. அவற்றை வெளியே கொண்டு வந்தவர் அங்கேயே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹௌகன். 2019-இல் அந்த நிறுவனத்தாரே தயாரித்த ஒரு பக்கத்தில், பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் தோற்றம் பற்றிய சிக்கலை நாம் மோசமாக்குகிறோம் என்று இருக்கிறது. 'நாம்' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். திருடனே ஒப்புக்கொண்ட பிறகு வக்கீல் எதற்கு?

காட்பாடி சந்திப்பு:
ஐயா, முதலில் தலைப்பைத் திருத்துங்கள். மூன்றில் ஒரு பெண் என்பது தவறு. உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலை இருக்கிறது என்று சொன்ன பெண்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அவர்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் பார்த்தால் அந்தக் கவலை கூடுகிறது என்றார்கள். கவலை இல்லாத பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதே 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மனநலத்தில் இருக்கும் வித்தியாசத்தில் திரையின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கு இருக்கும் தொடர்பும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை:
உருளைக்கிழங்கு இரவு ஒரு மணிக்குத் தலையணைக்கு அடியில் இருந்து கூப்பிடாது தம்பி. என் பேத்தியை அது கூப்பிடுகிறது. மூன்றில் ஒன்று. தலைப்பு மாறாது.

சத்துவாச்சாரி வாசகர்:
மனதைக் கெடுக்கிறது என்றால் என்ன பொருளில் சொல்கிறீர்கள்? சோர்வா, பொறாமையா, மருத்துவர் பார்க்க வேண்டிய நோயா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் எங்களுக்கும் புரியும்.

காட்பாடி சந்திப்பு:
அதெல்லாம் அப்புறம். 32 சதவீதம் யாரில் 32 என்பதற்கு ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு இது. காய்ச்சல் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இருமல் என்றால், ஊரில் மூன்றில் ஒருவருக்கு இருமல் என்று ஆகிவிடுமா?

பாலாற்றங்கரை:
எட்டாம் வகுப்புக் கணக்கை எனக்கே சொல்லித் தருகிறீர்களா? உங்கள் வயதில் நான் இருநூறு விடைத்தாள் திருத்தியவன். சரி, கேட்கிறேன். பதினான்கு வயதில் தன் உடம்பைப் பற்றிக் கவலை இல்லாத பெண் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? கறுப்பு, பரு, குண்டு, ஒல்லி என்று ஏதாவது ஒரு கவலை இருக்கும். கழித்துப் பார்த்தால் மீதி யார்?

குடியாத்தம் அக்கா:
நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. என் மகள் பத்தாவது படிக்கிறாள். போன வருடத்திலிருந்து முகத்தைப் பூசி மெழுகிக் காட்டும் ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுக்க விடமாட்டாள். சித்தப்பா கல்யாணத்தில் குடும்பப் படத்துக்கு நிற்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. முதலில் 14416 எண்ணுக்கு அழைத்தோம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசினார்கள். பிறகு பாகாயம் கூட்டிப் போனோம். பாகாயம் என்றதும் என் மாமியார் அழுதார். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தே வளர்ந்தவர்கள் நாம். 1957-லிருந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனை நடத்தும் மனநல மையம் அது. கூடவே வீட்டார் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உள்ள இடம். அந்தக் கேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. மகள் இப்போது கொஞ்சம் தேறி வருகிறாள்.

பாலாற்றங்கரை:
பார்த்தீர்களா தம்பி? இதோ அந்த மூன்றில் ஒருத்தி. இதற்கு மேல் ஆக்ஸ்ஃபோர்டு வரை போக வேண்டுமா?

குடியாத்தம் அக்கா:
ஐயா, மன்னிக்க வேண்டும். என் பெண்ணை உங்கள் கணக்குக்குச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அவளைக் 'கருவாச்சி' என்று முதலில் கூப்பிட்டது செல்போன் இல்லை, எங்கள் வீட்டு ஆட்கள்தான். செல்போன் அதை நாளைக்கு நூறு முறை சொன்னது. இரண்டையும் நான்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

காட்பாடி சந்திப்பு:
அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். ஏற்கெனவே இருந்த கவலை. 32 சதவீதம் என்பது அவர்களில்தான்.

குடியாத்தம் அக்கா:
உங்கள் பக்கமும் நான் பேசவில்லை தம்பி.

ஆம்பூர் ஷிப்ட்:
ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக சூப்பர்வைசர். என் லைனில் நாற்பது பெண்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறியதும் எல்லோரும் ரீல்ஸ்தான். பேரணாம்பட்டு போய்ச் சேரும் வரை சிரித்துக்கொண்டே போவார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவர்களிடம் யாரும் வேலை கேட்பதில்லை. அவர்கள் மனதைக் கெடுப்பது வாராவாரம் வாசலில் வந்து உட்காரும் குழுக்கடன். அதைப் பற்றி ஐயா ஒரு இழை தொடங்கட்டும், முதல் ஆளாக நான் வருகிறேன்.

பாலாற்றங்கரை:
இது வேலூர்ப் பிள்ளைகளைப் பற்றிய இழை. ஆம்பூர் 2019-லேயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

ஆம்பூர் ஷிப்ட்:
பிரியாணிக்கு மட்டும் ஆம்பூர் வேலூர், பேச வந்தால் திருப்பத்தூரா? எங்களுக்கு இன்றைக்கும் வட ஆற்காடுதான். வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது அரசாங்கம். அந்த மூன்றில் ஒன்றையாவது சரியாகச் சொல்கிறீர்களே, சந்தோஷம்.

பாலாற்றங்கரை:
பிரியாணியை இழுத்தது நான் இல்லை. ஆம்பூர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பாலாற்று நுரை. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தபோதும் இதே பேச்சுதான் பேசினார்கள். எங்கள் தண்ணீரால்தான் என்று நிரூபி, எத்தனை சதவீதம் என்று சொல், ஏற்கெனவே உப்பாக இருந்த கிணறு அது, இப்படியே போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் தொழில் நடத்துகிறவன் மேல்தான், கெடுத்தவன் செலவைக் கட்ட வேண்டும் என்றார்கள். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரியில் படிக்கிற வழக்கு அது, நம் ஊர் வழக்கு. அதையே நான் இங்கே கேட்கிறேன். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று கம்பெனி நிரூபிக்கட்டும். குடியாத்தத்தில் இருக்கிற ஒரு அம்மா ஏன் நிரூபிக்க வேண்டும்? 0.4 சதவீதம் என்று அவர்களுக்காக நீங்கள் ஏன் வாதாட வேண்டும்? ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. அங்கே யாரும் உருளைக்கிழங்கு பேசவில்லை.

ஆம்பூர் ஷிப்ட்:
அந்தத் தீர்ப்பில் தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டதும் தெரியும். அந்தத் தோலில்தான் எங்கள் ஊரில் அடுப்பு எரிகிறது என்பதும் தெரியும். நீங்கள் போட்டிருக்கும் செருப்பு எங்கே தைத்தது என்று குனிந்து பாருங்கள்.

காட்பாடி சந்திப்பு:
தடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் 29-இல் டிக்டாக்கைத் தடை செய்தோம். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டு வந்தது. பிள்ளைகள் ஒரு கடையிலிருந்து எதிர்க்கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான். தீர்ப்பு நல்ல தீர்ப்புதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் பொய்க் கணக்கோடு போய் நின்றால் வழக்கு தோற்கும். தலைப்பைத் திருத்துங்கள்.

பாலாற்றங்கரை:
பொய்க் கணக்கா? சொல்லைப் பார்த்துப் பேசுங்கள். 'மூன்றில் ஒருவர்' என்று எழுதியது அந்தக் கம்பெனி.

காட்பாடி சந்திப்பு:
சிக்கல் உள்ளவர்களில்.

பாலாற்றங்கரை:
அந்தப் பக்கத்தில் நான் சொன்ன வரி இருக்கிறதா, இல்லையா?

காட்பாடி சந்திப்பு:
இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் யாரைக் கேட்டார்கள் என்பதும் இருக்கிறது.

சத்துவாச்சாரி வாசகர்:
என் கேள்வி அப்படியே இருக்கிறது.

பாலாற்றங்கரை:
வாசகரே, உங்களுக்கு நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். தம்பிக்கு ஒன்று மட்டும். போன வருடமும் நீட் இழையில் இப்படித்தான் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் நின்றீர்கள். நான் மறக்கவில்லை.

காட்பாடி சந்திப்பு:
அதில் நான் சொன்ன எண்தான் சரியாக இருந்தது. அதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆம்பூர் ஷிப்ட்:
பஸ் வந்துவிட்டது, கிளம்புகிறேன். வட ஆற்காடு என்று மட்டும் திருத்திப் போடுங்கள் ஐயா.

காட்பாடி சந்திப்பு:
மணி பதினொன்றரை. தலைப்பு இன்னும் மாறவில்லை. காலையில் வந்து பார்க்கிறேன்.

பாலாற்றங்கரை:
வாருங்கள். நானும் இங்கேதான் இருப்பேன்.