புதுப்பிப்பு: காரணியே தெரியாத அந்தப் பகு எண்

24-ஆம் ஃபெர்மா எண் (2-இன் 24-ஆம் அடுக்கு எவ்வளவோ, அத்தனை 2-களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது) பகு எண் என்று நிரூபித்துவிட்டார்கள், ஆனால் அதன் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது என்று போன பதிவில் எழுதியிருந்தேன். "காரணி இல்லாமல் எப்படி நிரூபிப்பது?" என்றுதான் பலரும் கேட்டீர்கள்.

சரி, எண் இதுதான்: 2-இன் 1,67,77,216-ஆம் அடுக்கு, கூட்டல் 1. மொத்தம் 50,50,446 இலக்கங்கள். ஃபெர்மா எண் பகா எண்ணா என்று பார்க்கும் பெப்பான் சோதனையில் 3-ஐ எடுத்து வர்க்கமாக்கி, இந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்க வேண்டும். இப்படி 1,67,77,215 தடவை. கடைசி மீதி அந்த எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் பகா எண், இல்லையென்றால் பகு எண். 1999-இல் மேயர், பபடோபுலோஸ், கிராண்டால் மூவரும் கணினியில் இதைச் செய்து முடித்தார்கள். அந்த மீதி வரவில்லை. காரணியைப் பற்றி இந்தச் சோதனை மூச்சே விடாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம், "சின்ன எண்களால் வகுத்துப் பார்க்கலாமே?" என்றவருக்கு: இதன் எந்தப் பகாக் காரணியும் 6,71,08,864-இன் மடங்கு கூட்டல் 1 என்ற வடிவில்தான் இருக்கும். 3, 7, 11 எல்லாம் வீண் வேலை. 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் 5-ஆம் ஃபெர்மா எண்ணுக்கு 641 என்ற காரணியைப் பிடித்ததும் இதே மாதிரி ஒரு வடிகட்டலால்தான்.