மறு: பாய்ப்படகின் ‘காக்பிட்’ – தமிழ்ச்சொல் வேண்டும்

> அகராதியில் ‘விமானி அறை’ என்று இருக்கிறது. படகு இருக்கைகளை மாற்றும் செய்முறைக் கட்டுரைக்கு ‘மாலுமி அறை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. அறை என்றால் சுவரும் கூரையும் வேண்டும். இதுவோ மேல்தளத்தைத் தாழ்த்தி அமைத்த திறந்த இடம். சுக்கான் பிடிப்பவரும் பாய்க்கயிறு இழுப்பவரும் உட்காருவது இங்கேதான். மழையும் அலையும் நேராக உள்ளே விழும். ‘சுக்கான்குழி’ என்பது என் முன்மொழிவு.

சொல்லைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் போதாது, வாக்கியத்தில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்: “சுக்கான்குழியின் பழைய இருக்கைகளைக் கழற்றியதும் எறிந்துவிடாதீர்கள், புதிய தேக்குச் சட்டங்களை அளந்து வெட்ட அவையே மாதிரி.” உறுத்தவில்லை.

---

> சுக்கான்குழி

கடலுக்குப் போகிறவரைக் குழியில் உட்காரச் சொல்வதா? ‘சுக்கான்தொட்டி’ எனலாமே.

---

தொட்டி நீரைத் தேக்குவது. இங்கே விழும் நீர் வெளியேற வேண்டும். பல படகுகளில் அதற்கென்றே தரையில் வடிதுளைகள் உண்டு, இருக்கைச் சட்டங்களுக்கு நடுவே சந்து விடுவதும் நீர் வடியத்தான். மேலும் நன்னீர்த் தொட்டி, எரிபொருள் தொட்டி என்று படகில் ஏற்கெனவே தொட்டிகள் இருக்கின்றன, சிலவற்றில் இந்த இருக்கைகளுக்கு அடியிலேயே. “தொட்டி இருக்கையைக் கழற்றுக” என்றால் படிப்பவர் எதைக் கழற்றுவார்? குழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கன்னக்குழியை யாரும் அபசகுனம் என்பதில்லை.

வரைவில் இன்னும் மூன்று இடங்கள். அந்தச் சந்துக்குப் பக்கத்திலேயே ‘இடைவெளி நிரப்பி’ என்று எழுதியிருப்பது குழப்பும், வடிய விட்ட சந்தை யாராவது அடைத்துவிடுவார்கள். பலகை மூட்டுகளில் நீர் புகாமல் அடைப்பதற்குக் ‘கலப்பற்று’ என்ற பழைய சொல் இருக்கிறது. திருகாணித் தலையை மறைக்க அடிக்கும் சிறு மரத்துண்டுக்கும் புதுச்சொல் வேண்டாம், ‘முளை’ போதும். “முளையின் ரேகை சட்டத்தின் ரேகையோடு ஒத்துப்போகும்படி வைத்து ஒட்டுக” என்று எழுதிப் பாருங்கள். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும் என்ற வரி வரைவில் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் எந்தச் சொல்லாலும் பயனில்லை.

‘மெருகேற்றல்’தான் எனக்கு ஒப்பவில்லை. முதல் பூச்சு நீர்த்த வார்னிஷ், பிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஆறேழு பூச்சு என்னும் முறைக்கு அது சரி. ஆனால் அதே தலைப்பின் கீழ், எதுவும் பூசாமல் தேக்கை வெயிலில் சாம்பல் நிறமாக விட்டுவிடும் முறையும் வருகிறது. நனைந்த வார்னிஷ் வழுக்கும் என்பதால் இருக்கைகளுக்குப் பலர் விரும்புவது அதைத்தான். அதில் மெருகு ஏது? இரண்டுக்கும் பொதுவாக ‘மேற்பரப்பு வேலை’ என்று போடலாம். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று வரைவைத் திருத்தப் போகிறேன்.