கடந்து போகும் ரயிலின் ஹாரன்: சுருதி உண்மையில் ஏறுகிறதா?

வீணை மாணவி (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர் நிலையத்தில் நிற்காமல் போகும் விரைவு ரயில்கள் தொலைவிலேயே ஹாரனை ஒலிக்கத் தொடங்கி, நடைமேடையைக் கடந்த பிறகும் சிறிது நேரம் ஒலித்துக்கொண்டே செல்கின்றன. ரயில் நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே வருவதாகவும், என்னைக் கடக்கும் கணத்தில் சட்டென்று இறங்கிவிடுவதாகவும் என் காதுக்குக் கேட்கிறது. ஆனால் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வீணைக்குச் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் செயலியில் பார்த்தால் இறக்கம் மட்டுமே தெரிகிறது. ஏற்றத்துக்கான அடையாளமே இல்லை. ஒலிக்கும் பொருள் நெருங்கும்போதும் விலகும்போதும் சுருதி மாறிக் கேட்கும் டாப்ளர் விளைவைப் பள்ளியில் படித்திருக்கிறேன் என்றாலும் இந்த முரண்பாடு விளங்கவில்லை. காதை நம்புவதா, செயலியை நம்புவதா? அந்த இறக்கம் ஸ்வரக் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்

செயலி காட்டுவதே சரி. ஹாரன் ஓர் அலைமுகட்டை வெளியிட்டுவிட்டு அடுத்ததை வெளியிடுவதற்குள் ரயில் உங்களை நோக்கிச் சற்று முன்னேறிவிடுகிறது. அதனால் இரண்டாவது முகடு கடக்க வேண்டிய தூரம் குறைந்து, அது முதல் முகட்டை நெருங்கியபடியே உங்கள் காதை அடைகிறது. முகடுகள் நெருங்கி வந்தால் அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் காதை அடையும் முகடுகளின் எண்ணிக்கை, கூடும்; அதையே உயர்ந்த சுருதியாகக் கேட்கிறோம். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த நெருக்கத்தைத் தீர்மானிப்பது ரயிலின் வேகம்தானே தவிர, ரயில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது அல்ல. ஒரே வேகத்தில் வரும் ரயில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் நூறு மீட்டரில் இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் அதிர்வெண் ஏறத்தாழ ஒன்றே.

கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். நம் ஊர் வெயிலில், சுமார் 30 டிகிரி செல்சியஸில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. ஹாரனின் சொந்த அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், வரும்போது 400-ஐ 350/325 ஆல் பெருக்க வேண்டும், 431 கிடைக்கும். போகும்போது 350/375 ஆல் பெருக்கினால் 373. இவற்றுக்கு இடையேயான இறக்கம் உங்கள் வீணையில் ஏறத்தாழ இரண்டரை மெட்டு (தந்தியை அழுத்தும் கட்டைகளின் இடைவெளி), அதாவது சட்ஜமத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்தைத் தாண்டி, சாதாரண காந்தாரத்தை எட்டாத தூரம். ஹாரனில் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்குவதால் அவற்றுக்கு இடையேயான இடைவெளி குலையாது.

இறக்கம் எவ்வளவு சட்டென்று நிகழ்கிறது என்பது, நீங்கள் தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடைமேடை விளிம்புக்கு அருகில் நின்றால் ஒரு நொடிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். 100 மீட்டர் தள்ளி வயலில் நின்றால், ரயிலின் வேகத்தில் உங்களை நோக்கிய பங்கு சிறிது சிறிதாகக் குறைந்து பூஜ்யமாகி, பிறகு எதிர்த்திசைக்கு மாறுவதால், அதே இறக்கம் பல நொடிகளுக்கு நீண்டு, ஒரு நீளமான ஜாருவை (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை) போலக் கேட்கும். எந்த நிலையிலும் ஏற்றம் என்பது கிடையாது.

ஒலிப்பதிவாளர்

ஆசிரியர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் மாணவியின் காதில் விழுந்த ஏற்றத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1996-இல் ஜான் நியூஹாஃப், மைக்கேல் மெக்பீத் என்னும் இரு உளவியலாளர்கள் இதையே ஆராய்ந்து, அதிர்வெண் இறங்கிக்கொண்டிருக்கும்போதுகூட ஒலியின் வலிமை கூடிக்கொண்டே வந்தால் கேட்பவர்கள் சுருதி ஏறுவதாக உணர்கிறார்கள் என்று காட்டினார்கள். நெருங்கும் ரயிலில் வேகமாக மாறுவது ஒலியின் வலிமைதான். அந்த மாற்றத்தை நம் செவிப்புலன் சுருதியின் கணக்கிலும் சேர்த்துவிடுகிறது.

உங்கள் பதிவை ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, தொலைவில் வரும் பகுதியின் ஒலியைக் கூட்டி, அருகில் வரும் பகுதியின் ஒலியைக் குறைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக்கிக் கேட்டுப் பாருங்கள். ஏற்றம் பெரும்பாலும் மறைந்து, நிலையான ஒரு ஸ்வரமும் அதைத் தொடரும் இறக்கமும் எஞ்சும்.

இந்த விளைவை முதலில் உறுதிசெய்தவையும் இசைக்கலைஞர்களின் காதுகளே என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராகில் தம் கருத்தை முன்வைத்தபோது இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்கவே அதைப் பயன்படுத்தினார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற அறிவியலாளர், ஊட்ரெக்ட் அருகே ஓடிய ரயிலின் திறந்த பெட்டியில் ஊதுகருவிக் கலைஞர்களை ஏற்றி ஒரே ஸ்வரத்தை ஊதச் செய்து, தண்டவாளத்தின் ஓரத்தில் தேர்ந்த காது உடைய கலைஞர்களை நிறுத்தி, வரும்போதும் போகும்போதும் கேட்ட சுருதியைக் குறிக்கச் செய்தார். அதிர்வெண்ணை அளக்கும் மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த வழி இருந்திருக்க முடியாது.

வீணை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டபோது ஏற்றம் அநேகமாகக் காணாமற்போய்விட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள்: ரயிலுக்குள் அமர்ந்து, ரயில்வே கேட்டில் அடிக்கும் மணியைக் கேட்டாலும் இதே இறக்கம்தானா? காற்று பலமாக அடித்தால் சுருதி மாறுமா?

இயற்பியல் ஆசிரியர்

மணி நிலையாக இருக்க, கேட்பவர் நகரும்போது கணக்கு சற்று மாறும். அதே 400 ஹெர்ட்ஸ், அதே வேகம் என்றால் நெருங்கும்போது 429, விலகும்போது 371. இரண்டு எண்களும் சற்றுக் குறைந்தாலும் அவற்றின் விகிதம் மாறுவதில்லை. ஆகவே இறக்கம் அதே இரண்டரை மெட்டுதான். நீங்கள் பயணிக்கும் ரயிலின் சொந்த ஹாரனோ, உங்களோடு சேர்ந்தே நகர்வதால், 400-லேயே நிற்கும்.

காற்றைப் பொறுத்தவரை, ஒலிப்பதும் கேட்பதும் அசையாமல் இருந்தால், சீராக வீசும் காற்று சுருதியை மாற்றாது. எல்லா முகடுகளும் ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வருவதால், அவற்றுக்கு இடைப்பட்ட நேரம் அப்படியே இருக்கும்.