விண்டோஸ் 11 போட்ட பிறகு நாஸ் திறக்கவில்லை, ஒரு லேப்டாப்பில் மட்டும் திறக்கிறது: என்ன காரணம்?

பனியன்கணக்கு

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதால் நெட்வொர்க்கும் என் தலையில்தான்.

மொத்தம் 14 சிஸ்டம். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும் ஒர்க்குரூப்தான். இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (எல்லோரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைக்கும் பெட்டி) ஒன்று பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது. 2018இல் ஒருவர் வந்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார், அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பையர் அனுப்பும் டெக் பேக், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. யாருக்கும் பாஸ்வேர்ட் கிடையாது. ஷார்ட்கட்டை அமுக்கினால் திறந்துவிடும்.

விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால் ஒவ்வொரு சிஸ்டமாக 11க்கு மாற்றி வருகிறோம். போன வாரம் ஐந்தை மாற்றினோம். நான்கில் நாஸ் திறக்கவில்லை. 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது' என்ற மாதிரி ஒரு செய்தி வருகிறது (கெஸ்ட் என்றால் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைவது). எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு என்றால் வாட்ச்மேன் மட்டும்தான். ஐந்தாவது, மெர்ச்சண்டைசர் ஒருவரின் சொந்த லேப்டாப். அதிலும் விண்டோஸ் 11இன் அதே 24எச்2 பதிப்புதான், ஆனால் ஜோராகத் திறக்கிறது.

பிங் போகிறது. பிரவுசரில் நாஸ் பக்கமும் வருகிறது. கேபிள் மாற்றினேன், ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்தேன், ஆன்டிவைரஸை நிறுத்தியும் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போயாக வேண்டும். யாராவது உதவுங்கள்.

சும்மா_ட்ரை

விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி 1க்கு (நெட்வொர்க்கில் ஃபைல் ஷேர் பண்ற முறையோட பழைய பதிப்பு) டிக் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க ப்ரோ. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பழைய அட்மின்

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது, ஆனாலும் போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே தவித்தன. அதே ஆண்டின் பிற்பாதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 தானாகச் சேர்வதில்லை. எடுத்து வெளியே போட்டதை நாமே திரும்ப வீட்டுக்குள் அழைத்துவர வேண்டாமே.

பனியன்கணக்கு, ஒரே ஒரு கேள்வி. அந்த லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் எடிஷன் என்னவென்று பாருங்கள். ஹோமா, ப்ரோவா?

பனியன்கணக்கு

லேப்டாப் ஹோம். ஆபீஸ் சிஸ்டம் நான்கும் ப்ரோ. காசு கொடுத்து வாங்கிய ப்ரோவில் திறக்காமல் ஹோமில் திறக்கிறதா சார்?

பழைய அட்மின்

ஆமாம், அங்கேதான் விடை இருக்கிறது. 24எச்2இல் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் மூன்றிலும் எஸ்எம்பி சைனிங் கட்டாயம். கெஸ்டாக உள்ளே போவதும் ப்ரோவில் இப்போது அடைத்துவிட்டார்கள். ஹோமுக்கு இந்த இரண்டும் இல்லை. உங்கள் நாஸும் கேபிளும் நன்றாகத்தான் இருக்கின்றன.

சைனிங் என்றால், போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு முத்திரை. நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்த முத்திரைக்கான சாவி, நீங்கள் லாகின் செய்யும் பாஸ்வேர்டிலிருந்துதான் உருவாகிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை, அப்புறம் சாவிக்கு எங்கே போவது? அதனால் சைனிங் கட்டாயமான சிஸ்டத்திலிருந்து கெஸ்டாக நுழையவே முடியாது.

இரண்டையும் பாலிசியில் தளர்த்த வழி இருக்கிறது. கேட்டால் சொல்வேன், ஆனால் 14 சிஸ்டத்திலும் அதைச் செய்து வைப்பது பூட்டை உடைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி. நாஸில் ஆளுக்கு ஒரு யூசர் போடுங்கள், பிரச்சினை போய்விடும்.

ஆனால் இன்றைக்கு எதையும் தொடாதீர்கள். நாஸின் வெப் பக்கத்திலேயே ஃபைல் மேனேஜர் இருக்கும், வெள்ளிக்கிழமை ஷிப்மெண்டுக்கு வேண்டியதை அதிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். கன்டெய்னர் கிளம்பிய பிறகு சனிக்கிழமை உட்காருங்கள். முதலில் முக்கியமான ஃபோல்டர்களை வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள், அதன்பின் நாஸின் ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். எஸ்எம்பி செட்டிங்கில் குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 3 என்று வையுங்கள். பிறகு யூசர்கள். கெஸ்டைக் கடைசியாக நிறுத்துங்கள், அதுவரை பழைய சிஸ்டங்கள் ஓடட்டும்.

பனியன்கணக்கு

கன்டெய்னர் போய்விட்டது, நன்றி சார். நேற்று சொன்னபடியே செய்தேன். ஆனால் இரண்டு சிஸ்டம் படுத்துகிறது.

ஒன்றில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்த பிறகும் அதே கெஸ்ட் செய்திதான் வருகிறது. நான்தான் இப்போது கெஸ்டே இல்லையே! இன்னொன்றில் 1219 என்ற எண்ணோடு, ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் போகக்கூடாது என்கிறது.

பழைய அட்மின்

முதலாவதில் யூசர் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது சாம்பா என்ற ஃபைல் ஷேரிங் மென்பொருள். தெரியாத பெயரில் யாராவது வந்தால் கெஸ்டாக எடுத்துக்கொள் என்று அதில் வைத்திருப்பார்கள். அதாவது பாஸ்வேர்ட் தப்பானால் 'பாஸ்வேர்ட் தப்பு' என்றே வரும், பெயர் தப்பானால் கெஸ்ட் செய்தி வரும். இத்தனை வருஷம் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்ததும் இதனால்தான். விண்டோஸ் லாகின் பெயரை நாஸுக்கு அனுப்பியது, நாஸுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது, சரி கெஸ்டாக வா என்று விட்டுவிட்டது.

இரண்டாவது, பழைய கனெக்‌ஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் வரும், அதில் நாஸ் சம்பந்தப்பட்டதை டெலீட் கொடுத்து நீக்குங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடன்ஷியல் மேனேஜரிலும் பழைய பதிவு இருந்தால் எடுத்துவிட்டு, சைன் அவுட் செய்து வாருங்கள். ஷார்ட்கட் சிலதில் ஐபி எண்ணும் சிலதில் நாஸின் பெயரும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். விண்டோஸ் அவை இரண்டையும் வெவ்வேறு சர்வராகத்தான் நினைக்கும்.

பனியன்கணக்கு

இரண்டும் சரியாகிவிட்டது! நாஸில் மெர்ச்2 என்று போட்டுவிட்டு இங்கே மெர்ச்02 என்று அடித்திருக்கிறேன். ஒரு பூஜ்யத்துக்கு முக்கால் மணி நேரம்.

இன்று காலை கெஸ்டை நிறுத்தினேன். பத்தே நிமிஷத்தில் டாக்குமெண்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்வது நாஸ் ஃபோல்டருக்கு வரவில்லையாம்.

டோனர்கை

அதுவும் இத்தனை நாள் கெஸ்டாகத்தான் உள்ளே போயிருக்கும். மெஷினுக்கென்று ஒரு யூசர் போட்டு, ஸ்கேன் ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். மெஷினின் அட்ரஸ் புக்கில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால், மெஷினுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் என்று அர்த்தம். பழைய மெஷின்களில் இது சகஜம். மெஷினின் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று சர்வீஸ் ஆளைக் கேளுங்கள். இல்லையென்றால் நாஸில் எஃப்டிபியை (ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) திறந்து அதற்கு ஸ்கேன் அனுப்புங்கள். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும், ரவுட்டரில் போர்ட் கீர்ட் எதுவும் திறந்துவிடாதீர்கள்.

பழைய அட்மின்

டோனர்கை சொல்வது சரி. மெஷினுக்காக நாஸை எஸ்எம்பி 1க்கு இறக்க வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 2018இல் போட்ட டிஸ்க்தான் இன்னும் ஓடுகிறதா? நாஸ் பக்கத்தில் ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிக்கை) பாருங்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்ட் 1 இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஒரு டிஸ்க் போனால் அது காப்பாற்றும். யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். சனிக்கிழமை எடுத்த காப்பி எங்கே இருக்கிறது?

பனியன்கணக்கு

எஃப்டிபியில் ஸ்கேன் வந்துவிட்டது, டாக்குமெண்டேஷன் அக்கா டீ வாங்கிக் கொடுத்தார்.

டிஸ்க் இரண்டும் அதே பழையவைதான் சார். ஒன்றில் மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது, மாற்ற முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காப்பி என் சிஸ்டத்தில்தான் கிடக்கிறது, அதுவும் இந்த வருஷத்து ஃபோல்டர்கள் மட்டும். பேக்கப்புக்கு என்று யாரோ எப்போதோ வாங்கிய 4 டிபி டிஸ்க் அதே பீரோவுக்குள் சீல் பிரிக்காமல் இருந்தது. இப்போது பிரித்து நாஸில் சொருகியிருக்கிறேன். 38 சதவீதம் ஓடியிருக்கிறது.