திருவான்மியூர் மாடி மரத்தளம்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

சனிக்கிழமை

தம்பி, மாலை 5:40
எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் போன மாதம் போட்ட தேக்குப் பலகைத் தளத்துக்கு இன்று காலை நானே ஸ்டெயின், அதாவது மரத்துக்குள் இறங்கி நிறம் கொடுக்கும் எண்ணெய், அடித்தேன். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே பிரஷ். ஆனாலும் சில பலகைகள் காப்பித்தூள் நிறத்திலும் சில பலகைகள் வெல்லப்பாகு நிறத்திலும் இருக்கின்றன. நடுவில் சாய்வாக ஒரு கருங்கோடு வேறு விழுந்திருக்கிறது. நாளை காலை இன்னொரு கோட் அடித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறேன். பெரியப்பா, சரிதானே?

பெரியப்பா, மாலை 5:52
நாளை அடிக்காதே, தம்பி. நிறம் ஏறாத பலகை எண்ணெயைக் குடிக்க மறுத்த பலகை; அதன்மேல் மறுபடி ஊற்றினாலும் அது குடிக்காது, எண்ணெய் மேலேயே பிசினாக நின்று காலில் ஒட்டும். ஏற்கெனவே நிறையக் குடித்த பலகையோ இன்னும் கறுக்கும். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உன் மூன்றாவது படத்தில், மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் துடைத்த துணிகள் சுருட்டிக் கிடக்கின்றன. டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து உடனே சொல்.

தம்பி, மாலை 5:55
ஆம் பெரியப்பா, அப்படித்தான் போட்டிருக்கிறது.

பெரியப்பா, மாலை 5:57
அப்படியானால் இப்போதே மாடிக்குப் போ. அந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, இறுகும்போது சூடு பிறக்கிறது. விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் பையில் அடைத்த துணியில் போக வழியில்லாமல் கூடிக்கொண்டே வந்து, யாரும் நெருப்பு வைக்காமலேயே துணி பற்றிக்கொள்ளும். இரும்பு வாளியில் தண்ணீர் நிரப்பி எல்லாத் துணியையும் அதில் முக்கி வை. நாளை ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்து, முழுக்கக் காய்ந்து விறைப்பான பிறகு குப்பையில் போடலாம்.

தம்பி, மாலை 6:08
முக்கி வைத்துவிட்டேன். பையைத் தொட்டபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கை நடுங்கிவிட்டது, பெரியப்பா.

அத்தை, மாலை 6:11
முருகா! நல்ல வேளை, அண்ணா, நீங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள்.

பெரியப்பா, மாலை 6:20
பெரம்பூர் ரயில்வே பணிமனையில் மரப்பிரிவில் நான் சேர்ந்தபோது மேஸ்திரி முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. இனி நிறத்துக்கு வருவோம். பிசுபிசுப்பு இருக்கும் பலகைகளை டர்பன்டைனில் நனைத்த துணியால் இன்றே மரத்தின் நீளவாக்கில் அழுத்தித் துடைத்துவிடு. அந்தத் துணிகளும் வாளிக்கே போகட்டும். பிறகு எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். முதலில், அந்தக் கருங்கோடு விழுந்த இடத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நினைவுபடுத்திச் சொல். அடுத்து, ஆசாரி விட்டுப்போன மிச்சத் துண்டுகள் இருந்தால் அவற்றின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்.

தம்பி, இரவு 8:30
துடைத்து முடித்துவிட்டேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கியபோது தளத்தின் பாதி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்தது. நிழல் விளிம்பு வரைக்கும் எல்லாப் பலகைகளிலும் அடித்துவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே போனேன். அரை மணி நேரம் கழித்து வந்து வெயிலில் இருந்த மீதிப் பாதியை அடித்தேன். கோடு விழுந்திருப்பது சரியாக அந்த நிழல் விளிம்பில்தான் என்று இப்போது தெரிகிறது. மிச்சத் துண்டுகளைப் பொறுத்தவரை, ஒன்றில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் ஐந்து நிமிடமும் உருண்டு நின்றது. இன்னொன்று ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிவிட்டது.

பெரியப்பா, இரவு 8:52
விடை முழுவதும் உன் செய்தியிலேயே இருக்கிறது. நீ நிறுத்திய விளிம்பு, நீ காப்பி குடித்து வருவதற்குள் காய்ந்துவிட்டது. காய்ந்த விளிம்பின்மேல் பிரஷ் மறுபடி ஏறிய இடத்தில் மட்டும் நிறம் இரண்டு மடங்கானது. அதனால் பலகைத் தளத்தைச் சுவரைப் போலப் பகுதி பகுதியாக அடிக்கக் கூடாது. ஒரு பலகையையோ இரண்டு பலகைகளையோ எடுத்துக்கொண்டு, ஒரு நுனியில் தொடங்கி மறு நுனி வரை நிறுத்தாமல் போக வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இயற்கையாக அமைந்த எல்லை. கோடு விழ வேண்டுமானால் அங்கேயே விழுந்து மறைந்துவிடும். உன்னிடம் இருப்பது 29 பலகைகள், ஒவ்வொன்றும் 12 அடி. ஒரு பலகைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பலகைக்குப் பலகை நிறம் மாறியதற்குக் காரணம் வேறு. தேக்கின் வைரம் பாய்ந்த நடுமரத்தில் இயற்கையான எண்ணெய் இருக்கிறது. வெளிப்புறத்து வெளிறிய மரத்தில் அது குறைவு, ஆகவே அது தாகத்தோடு குடிக்கும். அதோடு, மெஷின் இழைத்த பலகையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறி மூடிக்கொண்டிருக்கும். எல்லாப் பலகைகளையும் ஆசாரி ஒரே உப்புத்தாளால் தேய்த்தாரா?

தம்பி, இரவு 9:05
இல்லை. கடைசிப் பத்துப் பலகைகளுக்கு உப்புத்தாள் தீர்ந்துபோய், வீட்டில் இருந்த 220 எண் தாளால் தேய்த்து முடித்தார்.

பெரியப்பா, இரவு 9:10
அந்தப் பத்துதான் வெல்லப்பாகு நிறத்தில் இருப்பவை என்று எண்ணிப் பார்க்காமலேயே சொல்வேன். உப்புத்தாளில் எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கு 220 அழகு; வெளித் தளத்துக்கு அது மரத்தின் துளைகளை அடைத்துவிடும். நீ பிரஷை எடுப்பதற்கு முன்பே, தேய்த்த கையிலேயே நிற வேறுபாடு முடிவாகிவிட்டது. எல்லாப் பலகைகளுக்கும் ஒரே அளவு தாகத்தை உண்டாக்குவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அதற்குப் பிறகு அடிப்பது சின்ன வேலை.

ஞாயிற்றுக்கிழமை

அத்தை, காலை 7:15
அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். மயிலாப்பூர் வீட்டு ஊஞ்சல் பலகைக்கு அப்பா காலத்தில் அடித்த அரக்கு பாலிஷ் இன்றும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. அதையே மாடிக்கும் அடித்தால் இந்த மேடுபள்ள நிறமெல்லாம் ஏன் வரப்போகிறது?

பெரியப்பா, காலை 7:40
ஊஞ்சல் கூடத்தில் இருக்கிறது, அம்மா. அதற்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அரக்கு பாலிஷ் தண்ணீர் பட்டால் வெளுக்கும், சூட்டில் இளகும். வார்னிஷோ பாலியூரித்தேனோ அடித்தாலும் அவை மரத்தின்மேல் தோல்போல் படர்பவை. மாடியில் மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். தோல் அதோடு சேர்ந்து நீளாமல் வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அடியில் கறுக்கும், பிறகு தோல் செதில் செதிலாக உரியும். அதைச் சரிசெய்ய முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே இறங்கும் எண்ணெய் ஸ்டெயினுக்கு உரிவதற்குத் தோல் கிடையாது, தேய்மானம் வந்தால் மேலேயே மறுபடி பூசிக்கொள்ளலாம். நிறமே இல்லாத எண்ணெயும் வேண்டாம். வெயிலின் புறஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னினைச் சிதைப்பதால்தான் தேக்கு சாம்பல் நிறமாகிறது; ஸ்டெயினில் இருக்கும் நிறமித் தூள் அந்தக் கதிர்களைத் தடுக்கும் குடை.

நான், காலை 8:02
தம்பி, நேற்றைய முதல் படத்தில் திருகாணிகளைச் சுற்றி நீலமும் கறுப்பும் கலந்த வட்டங்கள் தெரிகின்றன. அதுவும் ஸ்டெயின் கோளாறா, பெரியப்பா?

பெரியப்பா, காலை 8:20
நன்றாகக் கவனித்தாய், அம்மா. அவை இரும்புத் திருகாணிகள். தேக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரம் பட்ட இரும்போடு சேர்ந்தால் பழைய காலத்து எழுத்து மை போன்ற கறுப்பு உண்டாகும். கடற்கரைக்கு இவ்வளவு அருகில், உப்புக்காற்றில், அந்தக் கறுப்பு வருவது நிற்கவே நிற்காது. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளாக மாற்றிவிடு, தம்பி. விலை அதிகம்தான், இருந்தாலும் கடலோர வீட்டுக்கு அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இரும்புக் கம்பிநாரால் தேய்ப்பதும் கூடாது. அதன் துகள் ஒவ்வொன்றும் பிறகு ஒரு கரும்புள்ளியாகும்.

இனி வரிசையைச் சொல்கிறேன். ஒரு வாரம் அப்படியே காயவிடு; ஈர எண்ணெயைத் தேய்த்தால் உப்புத்தாள்தான் அடைத்துக்கொள்ளும். பிறகு 29 பலகைகளையும் முதலில் 60 எண், அடுத்து 80 எண் தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, பழைய நிறம் போகும்வரை தேய். எண்பதோடு நிறுத்திவிடு, எந்தப் பலகைக்கும் சலுகை வேண்டாம். தூசியைப் பெருக்கிய பின், பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 60 கிராம், கறுப்புக் கறையை எடுக்கும் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தளம் முழுவதும் பூசி, கால் மணி நேரம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு. கறுப்பு வட்டங்கள் உள்ள இடத்தில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளுத்து வேறு புள்ளியாகும், அதனால் முழுவதும் பூச வேண்டும். அது நச்சுப் பொருள். ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதே, குழந்தைகளை மாடிக்கு விடாதே, துளசி மாடத்தையும் மல்லிகைத் தொட்டிகளையும் முன்பே நகர்த்திவிடு. வீட்டில் இருக்கிறதே என்று பிளீச்சிங் பவுடரை மட்டும் போட்டுவிடாதே. அது மரத்தின் நாரைக் கெடுக்கும்.

நான், காலை 8:31
கழுவிய பிறகு எத்தனை நாள் காய வேண்டும்? ஒரு நாள் வெயில் போதாதா?

பெரியப்பா, காலை 8:44
மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய்க்கு இடமில்லை, திட்டுத் திட்டாகத் தெரியும். குறைந்தது நான்கு நல்ல வெயில் நாட்கள் வேண்டும். இது மாசி மாதம் என்பதால் பயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் சென்னையில் இந்த வேலையைத் தொடவே முடியாது. சித்திரைக் கத்திரியில் பலகை கால் வைக்க முடியாத அளவு சுடும், எண்ணெய் விழுந்த இடத்திலேயே இறுகும். நான்காம் நாள் மறுபடி பத்து இடங்களில் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார். பத்து இடங்களிலும் ஒரே வேகத்தில் இறங்கினால்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை

தம்பி, பிற்பகல் 3:30
பெரியப்பா, திருகாணிகள் மாற்றியாயிற்று, தேய்த்தாயிற்று, கழுவி ஐந்து நாட்களும் ஆயின. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரு நிமிடத்துக்குள் இறங்குகிறது. மூன்று பலகைகளில் மட்டும் சற்றுத் தாமதமாகிறது.

பெரியப்பா, பிற்பகல் 3:42
அந்த மூன்றும் எண்ணெய் மிகுந்த வைரப் பலகைகளாக இருக்கும். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து அவற்றை மட்டும் துடைத்து, காய்ந்தவுடன் அடி. இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்; ஒரே எண் போட்டிருந்தாலும் டப்பாவுக்கு டப்பா நிறம் மாறக்கூடும். நிறமி அடியில் வண்டல்போல் தங்கும், ஆகவே தட்டைக் குச்சியால் அடிவரை கிளறு, அடிக்கும் நேரத்திலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறு. முதலில் மிச்சத் துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்து, நிறம் பிடித்தால் தொடங்கு. வெயில் சாய்ந்து தளம் முழுவதும் ஒரே நிழலுக்கு வந்த பிறகு அடி. பலகை ஆறிக்கொண்டிருக்கும்போது எண்ணெயை நன்றாக உள்ளிழுக்கும். பலகை நுனிகளின் வெட்டுமுகம் உறிஞ்சுகுழல்போல் குடித்துக் கறுத்துவிடும் என்பதால், அங்கே பிரஷை ஏறக்குறைய உலர்த்திக்கொண்டு தொடு. அடித்து 15 நிமிடத்தில் மேலே மினுமினுப்பாக எது நின்றாலும் துடைத்தெடு. மேலே நிற்கும் எண்ணெய் பாதுகாப்பு தராது, திட்டுதான் தரும்.

அத்தை, பிற்பகல் 3:45
துணிகள் வாளிக்கு!

தம்பி, பிற்பகல் 3:46
வாளி தண்ணீரோடு தயாராக இருக்கிறது, அத்தை. நான் பூசுகிறேன், உங்கள் மருமகள் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி, காலை 7:05
படங்களைப் பாருங்கள். கோடு இல்லை, திட்டு இல்லை. தொட்டி ஓரத்தில் ஒரு பலகை மட்டும் சற்று வெளிறித் தெரிகிறது.

நான், காலை 7:12
எவ்வளவு அழகாக இருக்கிறது! இழைகள் எல்லாம் இப்போதுதான் தெரிகின்றன.

பெரியப்பா, காலை 7:30
மிக நன்றாக வந்திருக்கிறது, தம்பி. அந்த ஒரு பலகையைத் தொடாதே. அது வேறு மரத்திலிருந்து வந்த பலகை, மரங்களும் நம்மைப் போல ஆளுக்கொரு நிறம்தான். டப்பாவில் ஸ்டெயினும் சீலரும் (ஈரம் புகாமல் காக்கும் பூச்சு) சேர்ந்தது என்று போட்டிருப்பதால் மேலே வேறு சீலர் தேவையில்லை. இரண்டு நாட்கள் யாரும் நடக்க வேண்டாம். ஆவணியில் ஒரு முறை தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார். உருண்டு நின்றால் இந்த மழைக்காலத்தைத் தாங்கும், உடனே இறங்கினால் மழைக்கு முன் லேசாகக் கழுவி, காயவைத்து, ஒரு மெல்லிய கோட் கொடு.

அத்தை, காலை 7:41
மல்லிகைத் தொட்டிகளை எப்போது பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம், அண்ணா?

பெரியப்பா, காலை 7:48
ஒரு வாரம் போகட்டும், அம்மா. வைக்கும்போது நேரடியாகப் பலகைமேல் வைக்காமல், அடியில் காற்று போகும்படி கால் உள்ள தாங்கியின்மேல் வைக்கச் சொல். தொட்டியின் அடி ஈரம் ஒரே மாதத்தில் கறுப்பு வட்டம் போட்டுவிடும்.

தம்பி, காலை 7:50
தாங்கிகளை இன்றே வாங்கிவிடுகிறேன். மொத்தம் ஏழு தொட்டிகள்.