இலைக்குள்ளிருந்து வந்த பூஞ்சைதான் என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி: முதுகலை தாவரவியல் மாணவி நான். ஆய்வுக்கு எண்டோஃபைட் பூஞ்சைகளை (செடிக்கு நோய் தராமல் அதன் திசுவுக்குள் வாழ்பவை) எடுத்திருக்கிறேன். இலைத் துண்டை வைத்த அகார் கூழ்த் தட்டில் முளைப்பது இலைக்குள்ளிருந்து வந்ததா, மேலே ஒட்டியிருந்ததா? இவற்றிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: இலையை ஓடும் நீரில் கழுவிட்டு 70% எத்தனால், அடுத்து சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்), கடைசியா கிருமி நீக்கிய நீர். அந்தக் கடைசிக் கழுவுநீரில் ஒரு சொட்டைத் தனித் தட்டில் விடுங்க. கழுவிய இலையை இன்னொரு அகார் தட்டில் அழுத்தி எடுங்க. ரெண்டுலயும் எதுவும் முளைக்கலைன்னாதான் உங்க பூஞ்சையை நம்பலாம். இதைச் செய்யாம முடிவு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமே வருது. இலைத் துண்டின் வெட்டிய ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இழை நீளும்போதே நுனியைக் கிள்ளிப் புதுத் தட்டுக்கு மாத்திடுங்க. வேகமா வளர்றது மெதுவா வளர்றதை மூடிடும்.

மருந்து விஷயம்: பசிபிக் யூ மரத்துக்குள் இருந்த டாக்சோமைசஸ் ஆண்ட்ரியானேங்கிற பூஞ்சை, டாக்சால்ங்கிற புற்றுநோய் மருந்தைத் தருதுன்னு 1993-ல் அறிவிச்சாங்க. கிடைச்ச அளவு மிகச் சொற்பம். பிறகு வந்த மரபணு ஆய்வு, அந்தப் பூஞ்சை டாக்சால் தருதுங்கிறதையே சந்தேகத்துக்குள்ளாக்கிடுச்சு.

இன்னொருவர்: வேளாண்மைப் பக்கமும் பாருங்கள். ஃபெஸ்க்யூ புல்லுக்குள் வாழும் எபிக்ளோயி என்ற எண்டோஃபைட் பூஞ்சை பூச்சிகளை விரட்டும்; ஆனால் அது உண்டாக்கும் எர்கோவலின் என்ற வேதிப்பொருள் மாடுகளுக்கு நஞ்சு. அந்த நஞ்சைத் தராத பூஞ்சை வகைகளைத் தேர்ந்து புல்லில் சேர்த்து இப்போது விதைக்கிறார்கள்.

கேட்டவர்: நன்றி. கழுவுநீர்த் தட்டை எத்தனை நாள் வைத்துப் பார்க்கணும்?

பதில்: இலைத் தட்டுகளை வைத்திருக்கும்வரை அதையும் வைங்க.